சூப்பர்மேன் யூதரா? சூப்பர்ஹீரோக்களின் ஃப்ளாஷ்பேக் ஏன் மாறிக்கிட்டே இருக்கு?

2025 ஜூலையில் வந்த ‘சூப்பர்மேன்’ படம் பார்த்துட்டீங்களா? பார்க்கலைன்னா இந்தப் பத்தியை மட்டும் தாண்டிப் போயிடுங்க, ஸ்பாய்லர் இருக்கு. அழியப்போகும் கிரிப்டான் கிரகத்திலிருந்து குழந்தையை ராக்கெட்டில் அனுப்பிய பெற்றோர், கூடவே ஒரு செய்தியையும் பதிவு பண்ணி அனுப்பியிருப்பார்கள். அதில் பாதி பழுதாகிவிடும். பூமிக்குப் போய் நல்லது செய்யச் சொல்லியிருக்கிறார்கள் என்று நம்பியே நம்ம ஹீரோ வளர்ந்திருப்பார். மீதிப் பாதி வெளியே வரும்போதுதான் குண்டு வெடிக்கும். அந்த மக்களை ஆளச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள்!

ரசிகர்கள் ரெண்டு பிரிவாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். ‘இத்தனை வருஷமா இருக்கிற ஒரு ஃப்ளாஷ்பேக்கை இப்படி மாத்தலாமா?’ என்பது ஒரு பக்கத்தின் கோபம். ஆனால், அந்த ஃப்ளாஷ்பேக் ஒருநாளும் ஒரே மாதிரி இருந்ததே இல்லை. 1938-ல் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் சூப்பர்மேன் அறிமுகமானபோது கென்ட் தம்பதியே கிடையாது. வழியில் போன ஒருவர் குழந்தையை எடுத்து அநாதை இல்லத்தில் சேர்த்துவிட்டுப் போய்விடுவார், அவ்வளவுதான். அந்த சூப்பர்மேனுக்குப் பறக்கவும் தெரியாது. எட்டில் ஒரு மைல் தூரம் தாவுவார். பறப்பது, கிரிப்டோனைட் எல்லாம் பிறகு சேர்ந்தவை. கிரிப்டோனைட் காமிக்ஸுக்கே சொந்தமில்லை, ரேடியோ நாடகத்திலிருந்து வந்தது.

இப்படி மாறிக்கிட்டே வந்த கதைகளுக்குள் இன்னொரு கேள்வி பல வருஷமாக ஓடுகிறது. இந்த சூப்பர்ஹீரோக்கள் யூதர்களா? நெட்டில் தேடினால் ‘ஆமாம், நிச்சயமா’ என்று நூறு வீடியோ வரும். அவற்றில் சில சொல்வது சரி. சிலது சும்மா அடித்துவிடுவது. எது எதுன்னு பார்ப்போம்.

பெயரை மாத்தின பசங்க

முதலில் சந்தேகமே இல்லாத பகுதி. சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகல், ஜோ ஷுஸ்டர் இருவரும் ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். கிளீவ்லேண்ட் நகரத்தின் கிளென்வில் உயர்நிலைப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். பேட்மேனை 1939-ல் கொண்டுவந்த பாப் கேன், பில் ஃபிங்கர் இருவரும் யூதர்கள்தான். கேப்டன் அமெரிக்காவின் ஜோ சைமன், ஜாக் கிர்பி யூதர்கள். மார்வெலின் முகமாகவே ஆகிப்போன ஸ்டான் லீயும் யூதர்.

ஏன் இத்தனை பேர்? அந்தக் காலத்து அமெரிக்காவில் பெரிய விளம்பர நிறுவனங்களும் மரியாதையான பத்திரிகைகளும் யூதப் பையன்களுக்கு எளிதில் கதவைத் திறக்கவில்லை. படம் வரையத் தெரிந்தவனுக்கு மிஞ்சியது, யாருமே மதிக்காத மலிவு காமிக்ஸ் புத்தகம்தான். பதிப்பாளர்களிலும் பலர் யூதர்களாக இருந்ததால் அங்கே யாரும் ஜாதகம் கேட்கவில்லை.

ஆனாலும் அட்டையில் போகிற பெயர் மட்டும் வேற மாதிரி இருந்தது. ஸ்டான்லி லீபர், ஸ்டான் லீ ஆனார். ராபர்ட் கான், பாப் கேன் ஆனார். ஜேக்கப் கர்ட்ஸ்பெர்க், ஜாக் கிர்பி ஆனார். எல்லாரும் பயந்து மாற்றிக்கொண்டார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. ஸ்டான் லீ சொன்ன காரணம் செம. என்னிக்காவது ஒரு பெரிய நாவல் எழுதப்போறோம், நிஜப் பெயரை அதுக்காகப் பத்திரமா வெச்சிருப்போம் என்று நினைத்தாராம். கிர்பியோ, யூத அடையாளத்தை மறைக்கத்தான் பெயர் மாற்றினீர்களா என்று கேட்டால் கோபப்படுவார். காரணம் ஆளுக்கு ஆள் மாறலாம். ஆனால், மாற்றிய பிறகு கிடைத்த பெயர்கள் எல்லாமே ஒரே திசையில் போனதைக் கவனிங்க.

அந்தப் பசங்க உருவாக்கிய ஹீரோக்களும் அப்படித்தான். கிளார்க் கென்ட், புரூஸ் வெய்ன், ஸ்டீவ் ரோஜர்ஸ் என எல்லாமே சுத்தமான ஆங்கிலோ-அமெரிக்கப் பெயர்கள். சர்ச், கோயில் எதுவும் பக்கங்களில் வராது. வேறொரு இடத்தில் பிறந்து, வேறொரு பெயரோடு வந்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஆபீஸில் யாருக்கும் தெரியாமல் மற்றவர்களைப் போலவே நடமாடும் ஒருவன். குடியேறிகளின் பிள்ளைகள் ரெண்டு பேர் எழுதிய கதை என்று தெரிந்துகொண்டு படித்தால், கிளார்க் கென்ட்டின் கண்ணாடி கொஞ்சம் வேற மாதிரி தெரியும்.

சரி, சூப்பர்மேன் மோசேதானா?

இங்கேதான் ஜாக்கிரதை தேவை. பிரபலமான வாதம் இதுதான்: நாணல் பெட்டியில் வைத்து ஆற்றில் விடப்பட்ட மோசே, ராக்கெட்டில் வைத்து விண்வெளியில் விடப்பட்ட குழந்தை. ரெண்டு பேரையும் வேறொரு இனத்துக் குடும்பம் வளர்க்கிறது. சூப்பர்மேனின் கிரிப்டான் பெயர் கால்-எல். ‘எல்’ என்றால் எபிரேயத்தில் கடவுள். சாமுவேல், தானியேல், இஸ்ரவேல் என்று நாம் சொல்கிற பெயர்களின் வாலில் தொங்குவதும் அதே சொல்தான்.

கேட்க அழகா இருக்கு. ஆனால், 1939-ல் செய்தித்தாள் தொடரில் சூப்பர்மேனின் அப்பா பெயர் வந்தபோது, அதில் இருந்தது வெறும் ஓர் ஆங்கில எழுத்து. ஜோர் என்று போட்டு, ஒரு கோடு போட்டு, ‘எல்’ என்ற ஒற்றை எழுத்து. தமிழில் எழுதினால் ரெண்டும் ஒண்ணா தெரியும் என்பதுதான் சிக்கல். கடவுளைக் குறிக்கும் எபிரேயச் சொல் மாதிரியான எழுத்துக்கூட்டல் 1942-ல், ஜார்ஜ் லோதர் எழுதிய சூப்பர்மேன் நாவலில்தான் வந்தது. ஆக, சீகல் முதல் நாளே ரகசியமாக ஒரு சொல்லை ஒளித்துவைத்தார் என்ற கதையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடலாம்.

இன்னொரு கதையும் வாட்ஸ்அப் அளவுக்குப் பரவியிருக்கிறது. நாஜிகளிடமிருந்து தப்பிக்க, பெற்றோர் இல்லாமல் பிரிட்டனுக்கு ரயிலேற்றி அனுப்பப்பட்ட யூதக் குழந்தைகளைப் பார்த்துதான் சூப்பர்மேன் ராக்கெட் உருவானதாம். அந்த ரயில்கள் கிளம்பத் தொடங்கியது 1938 டிசம்பரில். ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ அதே வருஷம் ஏப்ரலிலேயே கடைக்கு வந்துவிட்டது. காலண்டர் ஒத்துவரலை பாஸ்.

அப்போ சீகல் மனதில் எதுவுமே இல்லையா? இருந்தது. வேலையில்லாத் திண்டாட்டமும் ஜெர்மனியில் யூதர்கள் படும் கொடுமை பற்றிய செய்திகளும் தன்னைப் பாதித்த விஷயங்களில் அடக்கம் என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். அவர் வெளியில் பேசாத ஒன்றும் இருக்கிறது. 1932-ல் அவருக்கு 17 வயது. துணிக்கடை வைத்திருந்த அவருடைய அப்பா, கடைக்குள் திருடர்கள் புகுந்த ஒரு மாலையில் மயங்கி விழுந்து இறந்துபோனார். அடுத்த வருஷம் அந்த நண்பர்கள் தயாரித்த ஆரம்பகால சூப்பர்மேன் அட்டைப்படம் ஒன்றில், துப்பாக்கி நீட்டும் கொள்ளையனிடம் மாட்டிக்கொண்ட ஒருவரைக் காப்பாற்ற ஒரு பலசாலி பாய்ந்து வருகிறான். இதற்கு எபிரேய அகராதி தேவையில்லை. என்னைக் கேட்டால், மோசே ஒப்பீட்டைவிட இந்த ஒரு படம் சூப்பர்மேனைப் பற்றி அதிகம் சொல்கிறது.

எழுதியவர் யூதர் என்பதைப் படிக்கிறவர்கள் கவனித்தார்களா? எதிரிகள் கவனித்தார்கள். 1940 பிப்ரவரியில் ‘லுக்’ பத்திரிகைக்காக சீகலும் ஷுஸ்டரும் ரெண்டு பக்கக் கதை செய்தார்கள். சூப்பர்மேன் ஹிட்லரையும் ஸ்டாலினையும் சட்டையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் ஜெனீவாவில் விசாரணைக்கு நிறுத்துவார். ஏப்ரலில், ஹிட்லரின் எஸ்.எஸ். படை நடத்திய பத்திரிகையில் இதற்கு ஒரு கட்டுரையே வந்தது. சீகலின் யூதப் பிறப்பைச் சொல்லிக் கேலியும் வசையுமாக. தன் ஹீரோவின் மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாத ஆளை, பெயர் சொல்லி அடையாளம் காட்டியது எஸ்.எஸ்.தான்.

அந்தக் குத்து

1940 டிசம்பரில் ‘கேப்டன் அமெரிக்கா’ முதல் இதழ் கடைக்கு வந்தது. அட்டையில் ஹீரோ ஹிட்லரின் தாடையில் ஒரு குத்து விடுகிறார். இன்று பார்த்தால் சாதாரணமாகத் தெரியும். ஆனால் அமெரிக்கா அப்போது போரிலேயே இல்லை. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி. 1939-ல் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த 937 பேரோடு ‘செயின்ட் லூயிஸ்’ கப்பல் கரையோரம் நின்றபோது, அமெரிக்கா உள்ளே விடாமல் திருப்பி அனுப்பியது. கிட்டத்தட்ட எல்லாருமே யூதர்கள். அவர்களில் 254 பேர் பிறகு நாஜிகளின் கையில் இறந்தார்கள். அதே வருஷம் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அமெரிக்க நாஜி ஆதரவாளர்கள் கூட்டம் போட்டார்கள். வந்தவர்கள் 20,000 பேர்!

அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டுதான் சைமனும் கிர்பியும் அந்த அட்டையைப் போட்டார்கள். ஹீரோ யூதர் இல்லை. ஆனால், அவருக்குச் சக்தி கொடுக்கிற ஊசியைக் கண்டுபிடித்த விஞ்ஞானியின் பெயர் ரைன்ஸ்டீன். ஐன்ஸ்டீனுக்கு ஒரு எழுத்து கூட்டினால் வருகிற பெயர். அப்ரஹாம் எர்ஸ்கின் என்று படத்தில் பார்த்தோமே, அந்தப் பெயர் பிறகு வந்தது. இதழ் பத்து லட்சம் பிரதிகளை நெருங்கி விற்றது. கூடவே மிரட்டல் கடிதங்களும் போன்களும் வந்தன. ஆபீஸ் வாசலில் போலீஸ் நின்றதையும் மேயர் லா கார்டியாவே போன் பண்ணி தைரியம் சொன்னதையும் சைமன் தன் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

கிர்பி பேப்பரில் குத்தியதோடு நிற்கவில்லை. 1944-ல் பிரான்ஸில் இறங்கிய படையில் சிப்பாயாக இருந்தார். படம் வரையத் தெரியும் என்பதால் எதிரி இருக்கும் ஊர்களுக்கு முன்கூட்டியே போய் வரைபடம் வரைந்து வரும் வேலை கொடுத்தார்கள். பனியில் கால்கள் பாதிக்கப்பட்டுத் திரும்பினார்.

20 வருஷம் கழித்து ஒரு நட்சத்திரம்

போருக்குப் பிறகும் யாரும் வெளிப்படையாகப் பேசவில்லை. 1961-ல் ஸ்டான் லீயும் கிர்பியும் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ தொடங்கினார்கள். அதில் பாறை உடம்போடு வரும் பென் கிரிம், அதாவது ‘தி திங்’, நியூயார்க்கின் யான்சி தெருவில் வளர்ந்தவன். கிர்பி வளர்ந்த பகுதியில் டெலான்சி தெரு இருக்கிறது. பென்னின் முழுப்பெயர் பெஞ்சமின் ஜேக்கப் கிரிம். கிர்பியின் அப்பா பெயர் பெஞ்சமின், கிர்பியின் சொந்தப் பெயர் ஜேக்கப். இவ்வளவு தடயம் கொடுத்தும் காமிக்ஸில் ஒரு வார்த்தை வராது. ஆனால் 1970-களில் கிர்பி, பென் கிரிம் யூதர்களின் பிரார்த்தனைச் சால்வை போட்டுக்கொண்டு புத்தகத்தோடு நிற்கிற மாதிரி ஒரு படம் வரைந்தார். அது ஹனுக்கா பண்டிகை வாழ்த்துக்காக. வீட்டுக்குள் யூதன், கடையில் வெறும் பாறை மனிதன்!

கதவைத் திறந்தது அடுத்த தலைமுறை. 1980-ல் ‘எக்ஸ்-மென்’ இதழில் கிறிஸ் கிளேர்மான்ட்டும் ஜான் பைர்னும் கிட்டி ப்ரைட் என்ற 13 வயதுப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். கழுத்தில் தாவீதின் நட்சத்திரம் தொங்கும். ஒரு கதையில் டிராகுலாவை விரட்ட வுல்வரின் தன் நகங்களைச் சிலுவை மாதிரி பிடிப்பார். அவருக்கே அதில் நம்பிக்கை இல்லாததால் டிராகுலா சிரிப்பான். அப்புறம் கிட்டியின் கழுத்தைப் பிடிக்கப் போவான், அந்த நட்சத்திரம் பட்டு அவன் கை பொசுங்கும். 1982-ல் வந்த கதை. இதில் பிரசங்கமே இல்லை, ஒரு டீனேஜ் பெண்ணின் நகை தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். அதனாலேயே எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பென் கிரிம் விஷயம் 2002 வரை இழுத்தது. பழைய யான்சி தெருவுக்குத் திரும்பும் பென், சின்ன வயதில் தான் திருடிய நட்சத்திர டாலரை அடகுக்கடைத் தாத்தாவிடம் கொடுக்க வருவான். தாத்தா இறந்துவிட்டார் என்று நினைத்து எபிரேயத்தில் பிரார்த்தனை சொல்லும்போதுதான் வாசகர்களுக்கே விஷயம் தெரியும். கண்விழிக்கும் தாத்தா, யூதன் என்பதில் உனக்கு வெட்கமா என்று கேட்பார். அதில்லை, என்னைப் பார்த்து யூதர்கள் எல்லாருமே ராட்சசர்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதுதான் பென்னின் பதில். பிறகு 2006-ல் பார் மிட்ஸ்வா, 2018-ல் யூத முறைப்படி கல்யாணம். 2025-ல் வந்த ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ படத்தில் அந்த வேடத்தைச் செய்த ஈபன் மாஸ்-பாக்ரக் யூதர்தான். அதே வருஷத்து சூப்பர்மேன் டேவிட் கோரன்ஸ்வெட்டும் அப்பா வழியில் யூதர்.

மற்றவர்களை வேகமாகப் பார்த்துவிடலாம். மூன் நைட் ஒரு யூத மதகுருவின் மகன், 2022-ல் வந்த தொடரில் துக்க வீட்டுக் காட்சி இருக்கும். பேட்வுமன் கேட் கேன் யூதர். அவர் புரூஸ் வெய்னுக்கு அம்மா வழி உறவு என்பதால் பேட்மேனும் யூதரா என்று ஒரு ரசிகர் சண்டை தனியாக ஓடுகிறது, நமக்கு எதுக்கு! வொண்டர் வுமனைப் படைத்த மார்ஸ்டன் யூதர் இல்லை. ஷஸாமை வரைந்த சி.சி.பெக் ஒரு லூதரன் பாதிரியாரின் மகன். எல்லா சூப்பர்ஹீரோவையும் ஒரே மூட்டையில் கட்டுகிற வீடியோக்கள் இவர்களைச் சொல்லாமல் விட்டுவிடும்.

மாற்ற முடியாத ஒரு ஃப்ளாஷ்பேக்

காமிக்ஸில் ஒரு வசதி உண்டு. ஹீரோவுக்கு வயசே ஆகாமல் இருக்க, கடந்த காலத்தைத் தள்ளிவைத்துக்கொண்டே போவார்கள். 1963-ல் அயர்ன் மேன் காயப்பட்டது வியட்நாமில். 2008 படத்தில் அது ஆப்கானிஸ்தான். கடைசியில் மார்வெல், எந்த வருஷத்திலும் பொருத்திக்கொள்ளலாம் என்று சியான்காங் என்ற கற்பனைப் போரையே உருவாக்கிவிட்டது. பென் கிரிம்கூட ஆரம்பத்தில் இரண்டாம் உலகப் போர் விமானி. இப்போது அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மேக்னீட்டோவுக்கு மட்டும் இந்த வசதி கிடையாது. 1963-ல் வந்தபோது அவருக்கு ஃப்ளாஷ்பேக்கே இல்லை, உலகத்தை ஆளத் துடிக்கும் சாதா வில்லன். கிளேர்மான்ட் இளைஞராக இருந்தபோது இஸ்ரேலில் ஒரு கூட்டுப் பண்ணையில் வேலை செய்தவர், நாஜி முகாம்களிலிருந்து பிழைத்தவர்களை அங்கே சந்தித்தவர். 1981-ல் ‘எக்ஸ்-மென்’ 150-வது இதழில், கோபத்தில் கிட்டியைத் தாக்கிவிட்டு, செத்துவிட்டாளோ என்று மேக்னீட்டோ உடைந்துபோகிறார். அங்கே தான் ஆஷ்விட்ஸில் வளர்ந்ததைச் சொல்கிறார். ஒரு வில்லனின் கதையே அந்தப் பக்கத்தில் திசை மாறியது.

அதிலும் ‘யூதன்’ என்ற சொல் இல்லை. 1990-களில் எழுத்தாளர்கள் தயங்கி, அவருக்கு எரிக் லென்ஷெர் என்று பெயர் வைத்து ரோமா இனத்தவராகக் காட்டினார்கள். ஆஷ்விட்ஸில் ரோமா மக்களும் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள், அந்தக் கதையும் சொல்லப்பட வேண்டியதுதான். ஆனால் இங்கே அது ஒரு தப்பிக்கும் வழியாகத்தான் வந்தது. பிறகு அதுவும் போலி அடையாளம் என்று மாற்றினார்கள். கடைசியில் 2008-ல் கிரெக் பாக் எழுதிய ‘மேக்னீட்டோ: டெஸ்டமென்ட்’ எல்லாக் குழப்பத்தையும் முடித்துவைத்தது. நிஜப் பெயர் மேக்ஸ் ஐசன்ஹார்ட். ஜெர்மனியில் பிறந்த யூதப் பையன். இறந்தவர்களின் உடல்களை அப்புறப்படுத்தும் வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்ட கைதிகளில் ஒருவன்.

இப்போ பிரச்னை வயசு. ஆஷ்விட்ஸில் இருந்த பையனுக்கு இன்று 90-க்கு மேல் ஆகியிருக்க வேண்டும். காமிக்ஸில் இதைச் சமாளிக்க வழி ஏற்கெனவே கிடைத்திருந்தது. 1974-ல் வேறு ஏதோ கதைக்காக மேக்னீட்டோவைக் கைக்குழந்தையாக்கி, பிறகு இளமையோடு திரும்பக் கொண்டுவந்திருந்தார்கள். மார்வெல் சினிமா உலகத்துக்குள் எக்ஸ்-மென்னைப் புதிதாகக் கொண்டுவரும்போது என்ன செய்யப்போகிறார்கள் என்பதுதான் ரசிகர்களின் இப்போதைய விவாதம். வேறொரு இனப்படுகொலைக்கு மாற்றலாம் என்கிறார்கள் சிலர். நான் அந்தக் கட்சி இல்லை. எழுதியவர்களே பெயரை மாற்றி, ஹீரோக்களின் பெயரையும் மாற்றி, 40 வருஷம் சுற்றி வந்து ஒருவழியாக நேராகச் சொன்ன ஒரு விஷயம் இது. வயசுக் கணக்கு இடிக்குதுன்னு அதைத் திருப்பி எடுத்துக்கக் கூடாது.

யாருடைய பெயர் அட்டையில்?

அடையாளம் பற்றிப் பேசிவிட்டுச் சம்பளம் பற்றிப் பேசாமல் போனால் சரியாக இருக்காது. சூப்பர்மேனை மொத்தமாக விற்றபோது சீகலுக்கும் ஷுஸ்டருக்கும் கிடைத்தது 130 டாலர். அந்தத் தொகையைக் கொடுத்த காசோலையை 2012-ல் ஏலம் விட்டார்கள், 1,60,000 டாலருக்குப் போனது! 1947-ல் உரிமை கேட்டு வழக்குப் போட்டதும் அவர்கள் பெயரே பக்கங்களிலிருந்து காணாமல் போனது. 1975-ல், பார்வை மங்கிப்போன ஷுஸ்டரும் சீகலும் பத்திரிகைகளிடம் போய்ப் பேசிய பிறகுதான் வருஷத்துக்கு ஆளுக்கு 20,000 டாலரும், படைத்தவர்கள் என்ற பெயரும் திரும்பக் கிடைத்தன. பேட்மேனின் பில் ஃபிங்கர் 1974-ல் இறந்தார். அவர் பெயர் திரையிலும் அட்டையிலும் அதிகாரபூர்வமாக வந்தது 2015-ல்.

எங்கிருந்து படிக்க ஆரம்பிக்கலாம் என்று கேட்டால், நான் ‘மேக்னீட்டோ: டெஸ்டமென்ட்’ என்றுதான் சொல்வேன். மொத்தமே 5 இதழ். முகமூடி, பறக்கும் சண்டை எதுவும் இல்லாததால் மார்வெல் படம் பார்க்காதவர்களும் படிக்கலாம். கடைசிப் பக்கங்களைத் தவறவிடாதீங்க. அங்கே டினா பாபிட் என்ற நிஜ ஓவியரின் கதை காமிக்ஸாகவே இருக்கிறது. ஆஷ்விட்ஸில் அடைக்கப்பட்டிருந்த குழந்தைகளுக்காகச் சுவரில் ஸ்னோ ஒயிட் வரைந்த செக் யூதப் பெண் அவர். அதைப் பார்த்த நாஜி மருத்துவர் மெங்கலே, ரோமா கைதிகளின் முகங்களை வரையச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்தினார். அந்த வேலைதான் அவரையும் அம்மாவையும் உயிரோடு வைத்திருந்தது. போருக்குப் பிறகு அவர் திருமணம் செய்துகொண்டவர், டிஸ்னியின் ஸ்னோ ஒயிட் படத்தில் அந்த ராணியை வரைந்த ஆர்ட் பாபிட். மிஞ்சிய 7 ஓவியங்களும் ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. என்னுடையதை எனக்குத் தாருங்கள் என்று அவர் பல வருஷம் கேட்டார். கொடுக்கவில்லை. 2009-ல் இறந்துபோனார்.